சாட்டை எடுத்த கதாநாயகிகள்: திரையில் பெண் சண்டையிட அனுமதி வாங்கிய கதை

சண்டை போடும் கதாநாயகி என்றதும் உங்களுக்கு யார் முகம் நினைவுக்கு வருகிறது? நம் குடியிருப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், பதிலை வைத்தே வயதைச் சொல்லிவிடலாம். விஜயசாந்தி என்றால் ஐம்பதை ஒட்டியவர். அனுஷ்கா என்றால் முப்பதுகளில் இருப்பவர். ஏஜென்ட் டீனா என்றால் கல்லூரிக்குப் போகிறவர். பெரியவர்கள் யாராவது நாடியா என்று சொன்னால் அவரை விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கதை கேளுங்கள்.

சென்ற இதழில் நம் பகுதி ஏரியின் வரலாற்றைப் படித்தீர்கள். இந்த இதழில் சினிமா. பொழுதுபோக்குக்காக மட்டும் இந்தத் தலைப்பை எடுக்கவில்லை. நம் மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும் சிலம்ப வகுப்புக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கதையை ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

பெர்த்திலிருந்து பம்பாய்க்கு

மேரி ஆன் எவன்ஸ் 1908ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தவர். தாய் கிரேக்க வம்சாவளி. தந்தை பிரிட்டிஷ் படையில் இருந்தவர். மேரி சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் பம்பாய் வந்துவிட்டது. முதல் உலகப் போரில் தந்தை இறந்துபோனார். பின்னர் வடமேற்கு எல்லையில் பெஷாவர் பக்கம் வளர்ந்த காலத்தில் குதிரை ஏறவும், துப்பாக்கி சுடவும், வேட்டையாடவும் கற்றுக்கொண்டார். மறுபடி பம்பாய் வந்தபோது அவருக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. கடையில் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தார், பாலே நடனம் பயின்று குழுவோடு ஊர் ஊராகப் போனார், சிறிது காலம் சர்க்கஸிலும் இருந்தார். மேடைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர்தான் நாடியா.

பம்பாயில் ஜே.பி.எச். வாடியா, ஹோமி வாடியா என்று இரண்டு பார்சி சகோதரர்கள் 1933இல் வாடியா மூவிடோன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்க மௌனப்படத் தொடர்களில் அவர்களுக்குப் பெரிய ஈடுபாடு. 1914இல் வெளிவந்த 'பெரில்ஸ் ஆஃப் பாலின்' தொடரில் பேர்ல் வைட் என்ற நடிகை வாராவாரம் ஆபத்தில் சிக்கி வாராவாரம் தப்பினார். அதே ஆண்டு தொடங்கிய 'ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' 119 பகுதிகள் ஓடியது. ரயிலோடும் குதிரையோடும் போட்டி போடும் ஒரு தந்தி நிலையப் பெண்தான் அதில் நாயகி. அதாவது, ஓடும் ரயிலில் தாவும் பெண்ணைத் திரை தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. நாம் நினைப்பது போல இது நேற்று வந்த புதுமை அல்ல.

நாடியாவைக் கதாநாயகியாக்க வாடியா சகோதரர்கள் முடிவு செய்தபோது ஒரு சிக்கல். பொன்னிற முடி, நீலக் கண், திடகாத்திரமான உடல். பெயரை நந்தா தேவி என்று மாற்றிக்கொண்டு, கறுப்பு விக்கும் நீளப் பின்னலும் வைத்துக்கொள்ளலாமே என்று ஜே.பி.எச். யோசனை சொன்னார். நாடியா மறுத்துவிட்டார். நான் நந்தாவும் இல்லை, தேவியும் இல்லை, எனக்கு அது பொருந்தாது என்பது அவர் பதில். இந்தப் பின்னலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போடும் நாயகியைப் பார்த்து அதற்குப் பிறகும் பலர், வேறு வேறு விதமாக, அந்தப் பின்னலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

1935இல் 'ஹண்டர்வாலி' வெளிவந்தது. இந்தியில் ஹண்டர் என்றால் சாட்டை. அரசனைச் சிறைப்படுத்திய கொடிய மந்திரியை எதிர்த்து, இளவரசி மாதுரி முகமூடி அணிந்து, சாட்டை பிடித்து, குதிரை ஏறுகிறாள். படத்தைப் பார்த்த விநியோகஸ்தர்கள் வாங்கத் தயங்கினார்கள். ஒரு பெண், அதுவும் வெள்ளைக்காரப் பெண், ஆண்களைத் தூக்கிப் போட்டு அடிப்பதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கவலை. கடைசியில் வாடியாக்களே முன்னின்று பம்பாயில் திரையிட்டார்கள். படம் 25 வாரங்களுக்கு மேல் ஓடியது. கடைகளில் ஹண்டர்வாலி பெயரில் சாட்டைகள் விற்கும் அளவுக்குப் பைத்தியம் பிடித்தது.

அடுத்த ஆண்டு 'மிஸ் ஃப்ராண்டியர் மெயில்'. ஓடும் ரயிலின் கூரை மேல் சண்டை. பிறகு 'ஹரிகேன் ஹன்ஸா', 'பஞ்சாப் மெயில்', 'டயமண்ட் குவீன்', சிங்கங்களுக்கு நடுவே எடுக்கப்பட்ட 'ஜங்கிள் பிரின்சஸ்'. இவற்றையெல்லாம் நாடியா டூப் இல்லாமல் செய்தார். கீழே வலை கிடையாது, இன்று போலக் கம்பியில் தொங்கவிட்டுக் கணினியில் அழிக்கும் வித்தை கிடையாது. 1940இல் வந்த 'டயமண்ட் குவீன்' படத்தில் அடிதடிக்கு நடுவே எழுத்தறிவு பற்றியும் பெண்கள் உரிமை பற்றியும் பேசுகிறார். விடுதலைப் போராட்டம் நடந்த நாட்கள் அவை. கொடுங்கோல் மந்திரியை இவர் சாட்டையால் விளாசும்போது கொட்டகையில் எழுந்த கைத்தட்டல் யாரை நினைத்து என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு வெள்ளைத் தோல் கொண்ட ஒருவரே முகமாக இருந்தார் என்பது வரலாற்றின் விசித்திரம்.

முகமூடியும் ஆண் வேடமும்

தமிழில் என்ன நடந்தது? 1937இல் 'மின்னல்கொடி' என்ற படம் வந்தது. கே. அமர்நாத் இயக்கம், மோகன் பிக்சர்ஸ் தயாரிப்பு. நாயகி கே.டி. ருக்மணி. மோகினி என்ற பெண் வீட்டை விட்டு வெளியேற நேர்கிறது. மின்னல்கொடி என்ற கொள்ளைக்காரனின் பெயரைத் தனதாக்கிக்கொண்டு ஆண் உடையில் கிளம்புகிறாள். பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். பிடிக்க வரும் போலீஸ் அதிகாரி அவள் மேல் காதல் கொள்கிறார். அமர்நாத்தும் ருக்மணியும் சேர்ந்து 1939இல் 'வீர ரமணி' என்று இன்னொரு படமும் தந்தார்கள். தமிழ் பேசும்படம் தொடங்கி எட்டு ஆண்டுகள்கூட ஆகாத நேரம் அது. நம் பாட்டிமார்கள் பாவாடை சட்டையில் இருந்த காலத்தில் தமிழ்த் திரையில் ஒரு பெண் குதிரையில் போனாள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹண்டர்வாலிக்கு முகமூடி. மின்னல்கொடிக்கு ஆண் வேடம். அதற்கும் முன்பு, 1927இல், 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' மௌனப்படத்தில் சுலோச்சனா என்ற ரூபி மயர்ஸ் எட்டு வேடங்களில் வந்தார். அவற்றில் போலீஸ்காரர் உட்பட ஆண் வேடங்களும் இருந்தன. பெண் பெண்ணாகவே, முகத்தைக் காட்டிக்கொண்டு, ஒருவனை அடிக்க முடியாது. முதலில் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும். இதைத்தான் நான் அனுமதி என்கிறேன். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கு குணங்களைப் பெண்மைக்கு இலக்கணமாக நெடுங்காலம் சொல்லிவந்த சமூகத்தில், பெண் கை ஓங்கினால் அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். திரை அந்தக் காரணங்களைக் கதவுகள் போலத் தயாரித்து வைத்தது. முகமூடி ஒரு கதவு, ஆண் வேடம் ஒரு கதவு. நாடியாவுக்கு மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: அவர் நம் வீட்டுப் பெண் இல்லை. நம் வீட்டுப் பெண் இல்லாதவர் என்ன செய்தாலும் கைதட்டலாம், மறுநாள் நம் மகள் அப்படிச் செய்துவிடுவாளோ என்ற பயம் கிடையாது.

ஏன் காணாமல் போனார்கள்?

நாடியா 1968 வரை நடித்தார் என்றாலும் அவர் உச்சத்தில் இருந்தது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும்தான். தமிழில் ருக்மணியின் வழியில் அடுத்தவர் என்று சொல்லும்படி வெகுகாலம் யாரும் வரவில்லை. என் கணிப்பில் இதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. ஐம்பதுகளில் தமிழ் சினிமா நாயகனை மையமாக்கிக்கொண்டது. வாள் நாயகன் கைக்குப் போனது. வாள் ஒருவன் கையில் இருந்தால், காப்பாற்றப்பட ஒருத்தி வேண்டும். குதிரையில் ஏறிய பெண் இறங்கி, மாளிகைச் சாளரத்தில் நின்று வழி பார்க்கத் தொடங்கினாள். சண்டை போடத் தெரிந்த பெண் வில்லனின் கூடாரத்துக்கு அனுப்பப்பட்டாள். அவளுக்குக் கால்சட்டை, கையில் சிகரெட், ஒரு கிளப் நடனம், கடைசி ரீலில் ஒரு குண்டு. நல்ல பெண் அடிக்க மாட்டாள், அடிக்கிறவள் நல்ல பெண் இல்லை என்ற கணக்கு இப்படித்தான் நம் மனதில் பதிந்தது.

இடையில் சில மீறல்கள் உண்டு. தெலுங்கில் 1970இல் கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கிய 'ரௌடி ராணி' விஜயலலிதாவைத் துப்பாக்கியோடு நாயகியாக்கியது. வரலாற்று நாயகிகளுக்கும் இடம் இருந்தது. சோராப் மோடியின் 'ஜான்சி கி ராணி' 1953இல் டெக்னிகலரில் வந்த முதல் இந்தியப் படம். ராணி என்றால் சண்டை போடலாம், ஏனென்றால் அது நாட்டுக்காக. அதுவும் ஒரு கதவுதான்.

அம்மனும் காக்கியும்

நம் ஊரில் பெண் ஆயுதம் ஏந்துவதை யாரும் தவறாக நினைக்காத இடம் ஒன்று உண்டு, கோயில். எட்டுக் கைகளிலும் ஆயுதம், காலடியில் அரக்கன். தினமும் கும்பிடுகிறோம். திரையும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. 1971இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'ஆதிபராசக்தி', 1995இல் தெலுங்கிலிருந்து வந்த 'அம்மன்'. ஆடி மாதம் தொலைக்காட்சியைப் போட்டால் இன்றும் ஏதாவது ஒரு அம்மன் சூலத்தோடு வருவார். ஆனால் கவனித்துப் பாருங்கள். 'அம்மன்' படத்தில் வீட்டில் அடிபடும் பெண் சௌந்தர்யா, அடிப்பவர்களைத் தண்டிக்க வருபவர் ரம்யா கிருஷ்ணன். துன்பம் மனுஷிக்கு, கோபம் தெய்வத்துக்கு. பாதிக்கப்பட்டவள் கைகூப்பி அழுகிறாள், அடி வேறொருவர் கணக்கில் விழுகிறது. அதே இயக்குநர் கோடி ராமகிருஷ்ணா 2009இல் 'அருந்ததி'யைக் கொடுத்தபோது அந்த இடைவெளி குறைந்தது. புடவையும் நகையுமாக, நடனம் ஆடிக்கொண்டே வாள் வீசினார் அனுஷ்கா. அலங்காரமும் ஆயுதமும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதைப் பார்த்துப் பலர் அசந்துபோனார்கள். நாடியாவிடம் கேட்ட பின்னலுக்கு இது ஒரு நல்ல பதில். பின்னலும் இருக்கட்டும், வாளும் இருக்கட்டும்.

தெய்வம் ஒரு கதவு என்றால் சீருடை இன்னொரு கதவு. கிரண் பேடி இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண்ணானது 1972இல். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தது 1973இல். 1976ஆம் ஆண்டுப் பிரிவில் திலகவதி தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியானார். நிஜத்தில் காக்கி அணிந்த பெண்கள் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்துத்தான் திரை முழுமையாக விழித்துக்கொண்டது. 1990இல் தெலுங்கில் மோகன காந்தி இயக்கத்தில், ஏ.எம். ரத்னம் தயாரிப்பில் 'கர்த்தவ்யம்' வந்தது. தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' கிரண் பேடியின் வாழ்க்கையிலிருந்து ஊக்கம் பெற்ற கதை. விஜயசாந்திக்கு அந்த ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு டப்பிங் படம், நாயகன் என்று சொல்ல ஒருவர் இல்லாமல், நம் ஊர்க் கொட்டகைகளில் ஓடு ஓடென்று ஓடியது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல்தான் திறக்கப்பட்டது. காக்கியில் ஒரு பெண்ணை மேசைக்கு அந்தப் பக்கம் பார்க்கும் பழக்கத்தைச் சாதாரண மக்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே அந்தப் படம் கொடுத்திருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

சீருடைக் கதவில் ஒரு வசதியும் உண்டு, ஒரு கட்டுப்பாடும் உண்டு. வசதி, முகத்தை மறைக்க வேண்டியதில்லை. சட்டைப் பையில் பெயர் பித்தளையில் மின்னுகிறது. கட்டுப்பாடு, அவள் தனக்காக அடிக்கவில்லை, சட்டத்துக்காக அடிக்கிறாள். சீருடையைக் கழற்றிவிட்டால் அந்த உரிமை அவளுக்கு இருக்கிறதா? இந்தக் கேள்விக்குத் திரை நெடுங்காலம் இல்லை என்றே பதில் சொன்னது.

வெளியே போகும்போது கொடுக்கும் விலை

உள்ளே வரக் கதவு வைத்த சினிமா, வெளியே போகும் வழியையும் தயாராக வைத்திருந்தது. வைஜெயந்தி வந்து இரண்டே ஆண்டில், 1992இல், அதே விஜயசாந்தியை 'மன்னன்' படத்தில் பார்த்தோம். பி. வாசு இயக்கம், ரஜினிகாந்த் நாயகன். சாந்தி தேவி பெரிய தொழிலதிபர், திறமைசாலி, கர்வி. படம் முழுவதும் அவர் கர்வத்தை அடக்குவதுதான் கதை. முடிவில் அவர் தொழிலைக் கணவரிடம் விட்டுவிட்டு இல்லத்தரசி ஆகிறார். கொட்டகையில் கைத்தட்டல். நானும் ரஜினி ரசிகன்தான், அந்தப் படத்தின் நகைச்சுவைக்கு இன்றும் சிரிப்பேன். ஆனால் அந்தக் கைத்தட்டலின் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நேரம் இருந்தது போதும், வீட்டுக்குப் போ என்பதுதானே?

இன்னும் அண்மைக்கு வருவோம். 2015இல் 'பாகுபலி' முதல் பாகம். தமன்னா நடித்த அவந்திகா ஒரு போராளி. நாயகன் அவளோடு மோதும் காட்சியில், அவள் போர் உடையைக் களைந்து, முகத்துக்குப் பூச்சு பூசி, கூந்தலை அவிழ்த்து, நீ எவ்வளவு அழகு பார் என்று அவள் பிம்பத்தை அவளுக்கே காட்டுகிறான். அவள் மயங்குகிறாள். அந்தக் காட்சி அப்போதே கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அவள் பெண்ணாக இருப்பதை அதுவரை மறந்திருந்தாளாம், அவன் ஞாபகப்படுத்தினானாம். வாடியா கையில் வைத்திருந்த அதே பின்னல், 80 வருடம் கழித்து. அதே படத்தின் இரண்டாம் பாகத்தில் தேவசேனா மூன்று அம்புகளை ஒன்றாகத் தொடுக்கக் கற்றுக்கொள்கிறாள், தொட்டவன் விரலை வெட்டுகிறாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே இயக்குநர், ஒரே கதை, இரண்டு ஆண்டு இடைவெளி.

திரைக்கு வெளியேயும் இந்த விலை இருந்தது. நாடியாவும் ஹோமி வாடியாவும் பல ஆண்டுகள் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். ஹோமியின் தாயார் இந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. அவர் மறைந்த பிறகுதான், 1961இல், இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மணமகளுக்கு 53 வயது. ரயில் கூரையில் ஓடியவர், சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்றவர், ஒரு குடும்பத்தின் சம்மதத்துக்காக அத்தனை காலம் காத்திருந்தார். நாடியா 1996 ஜனவரியில் மும்பையில் காலமானார். அவர் வாழ்வைப் பற்றி ஹோமியின் குடும்பத்து இளைஞர் ரியாத் வாடியா 1993இல் ஒரு ஆவணப்படம் எடுத்ததால்தான் அடுத்த தலைமுறைக்கு அவர் மறுபடி தெரியவந்தார்.

விக் வைத்த ஆண்கள், டூப் போட்ட ரேஷ்மா

நாடியா தானே செய்தார் என்றேன். பின்னால் வந்த பல கதாநாயகிகளுக்கு டூப் இருந்தது. அந்த டூப் பெரும்பாலும் ஆண். மீசையை மழித்து, விக் வைத்து, பாவாடை கட்டி, தூரத்திலிருந்து எடுப்பார்கள். திரையில் பெண் அடித்ததாக நாம் நினைத்த எத்தனையோ அடிகள் ஆண் கையால் விழுந்தவை. இதற்கு நடுவே இந்தியாவின் முதல் ஸ்டண்ட் பெண்மணி என்று அறியப்படுபவர் ரேஷ்மா பட்டான். 1975இல் வந்த 'ஷோலே' படத்தில் பசந்தியின் குதிரைவண்டி தறிகெட்டு ஓடும் காட்சி நினைவிருக்கிறதா? முகம் ஹேமமாலினியுடையது. ஆபத்தான ஷாட்டுகளில் கடிவாளத்தைப் பிடித்தவர் ரேஷ்மா. படப்பிடிப்பில் வண்டி கவிழ்ந்து காயப்பட்டார். பதின்ம வயதிலேயே, குடும்பத்துக்குச் சோறு போட வேண்டிய நிலையில் இந்த வேலைக்கு வந்தவர் அவர். அவர் கதை படமாக 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பகுதியை எதற்காகச் சொல்கிறேன் என்றால், பெண்ணின் வலிமை என்பது நம்மிடையே இல்லாத ஒன்றல்ல. அது காட்டப்படாமல் இருந்தது. ரேஷ்மாவின் கை இருந்தது, முகம் மட்டும் தெரியவில்லை.

கதவு தேடாதவர்கள்

கடந்த பத்தாண்டில் ஒரு மாற்றம் தெரிகிறது. 2016இல் சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று'. வடசென்னையில் மீன் விற்கும் மதி குத்துச்சண்டை வீராங்கனை ஆகிறாள். நடித்த ரித்திகா சிங் உண்மையிலேயே சண்டைக் கலை பயின்றவர், தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பு அவருக்குக் கிடைத்தது. அவளுக்கு முகமூடி இல்லை, அருள் வரவில்லை, சீருடை இல்லை. அண்ணனையோ அப்பாவையோ யாரும் கொல்லவில்லை. அவளுக்கு அது வரும், அது பிடிக்கும், அதனால் அடிக்கிறாள். இதற்குப் பின்னால் நிஜ உலகமும் இருந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2012 லண்டனில், அதிலேயே மேரி கோம் வெண்கலம் வென்றார்.

பிறகு 2022இல் 'விக்ரம்'. வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர். படம் முழுவதும் பின்னால் நிற்கிறார், நாம் யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் அடியாட்கள் நுழைந்ததும் அவர் யாரென்று தெரிகிறது. ஏஜென்ட் டீனாவாக நடித்த வசந்தி, பல ஆண்டுகள் நடனக் குழுவில் பின்னால் ஆடியவர். நாயகனுக்கு விழுந்ததைவிடப் பெரிய விசில் அவருக்கு விழுந்ததை நான் என் காதால் கேட்டேன். அந்த விசிலில் ஒரு வியப்பு இருந்தது. வேலைக்கார அம்மாவா இப்படி? காலை ஆறரைக்கு நம் வாசல் மணியை அடித்து, இரண்டு பிளாக் படிக்கட்டில் ஏறி இறங்கி, ஐந்து வீட்டில் பாத்திரம் துலக்குபவருக்குத் தோளில் வலு இருக்கும் என்பது நமக்கு ஏன் வியப்பாக இருக்க வேண்டும்? அந்த வலுவை நம்பித்தானே நம் வீடுகள் ஓடுகின்றன.

நம் மொட்டை மாடிக்கு வருவோம்

இப்போது ஆரம்பத்தில் சொன்ன சிலம்ப வகுப்பு. ஞாயிறு காலையில் மேலே போய்ப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் வரிசையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். பெரிய பிள்ளைகள் வரிசையில் பெண் பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பை ஒட்டி ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். பாடச்சுமை ஒரு காரணம், அது பையன்களுக்கும் உண்டு. ஆனால் லிஃப்டிலும் நடைப்பயிற்சியிலும் பெற்றோர்கள் சொல்லும் மற்ற காரணங்கள் உங்களுக்கும் தெரியும். வெயிலில் கறுத்துப்போகிறாள். தோள் அகலமாகிறது. பெரியவளாகிவிட்டாள், எல்லோரும் பார்க்கிற இடத்தில் எதற்கு? இவற்றைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. மகள் மேல் உள்ள அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இதுவும் அந்தப் பின்னல்தான் என்பதை இவ்வளவு தூரம் படித்த நீங்கள் கண்டுகொண்டிருப்பீர்கள்.

சினிமாவைப் பார்த்து யாரும் சண்டைக்காரி ஆகிவிடப்போவதில்லை. ஒருத்தி நூறு பேரை அடிப்பது எவ்வளவு பொய்யோ, ஒருவன் நூறு பேரை அடிப்பதும் அவ்வளவு பொய். அடிதடியே தீர்வு என்று நான் சொல்லவும் இல்லை. பெண்மை என்பதை மென்மை என்று மட்டும் எழுதி வைத்தால், பலமான பெண் ஒவ்வொருவரும் தன் பலத்துக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். நாடியாவிலிருந்து டீனா வரை வந்த கதை, அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தேவையற்றுப்போன கதை. திரையில் அதற்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டு பிடித்தது. நம் மாடியில் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எனவே இரண்டு வேண்டுகோள். முதலாவது பெற்றோருக்கு. மகள் வகுப்பை நிறுத்துவதற்கு முன் அவளைக் கேளுங்கள். அவளுக்கே பிடிக்கவில்லை என்றால் நிறுத்தட்டும், பையனுக்குப் பிடிக்காவிட்டாலும் அப்படித்தானே. பிடித்திருக்கிறது என்றால் தொப்பி ஒன்று வாங்கிக் கொடுங்கள், வெயிலுக்கு அது போதும். அம்மாக்களில் யாராவது தாங்களும் சேர விரும்பினால் ஆசிரியரிடம் பேசிவிடலாம்.

இரண்டாவது எல்லோருக்கும். கிளப் ஹவுஸில் அடுத்து படம் போடும்போது, பிள்ளைகளுக்கு ஒரு நாயகன் படம் என்றால் ஒரு நாயகி படமும் போடலாம் என்று கலாசாரக் குழுவிடம் கேட்கப்போகிறேன். உங்கள் தேர்வு என்ன என்பதைப் பெயரோடும் ஃபிளாட் எண்ணோடும் செய்திமடல் பெட்டியில் எழுதிப் போடுங்கள். வைஜெயந்தியை முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்கள், நாடியாவின் படத்தைக் கூடாரக் கொட்டகையில் பார்த்ததாகத் தங்கள் தாய் தந்தையர் சொல்லக் கேட்டவர்கள், நாலு வரி எழுதினாலும் அடுத்த இதழில் போடுகிறோம். அந்த நினைவுகளை இப்போது எழுதி வைக்காவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்க மாட்டார்கள்.